கையெழுத்துக் கேட்கிறார்கள், போடலாமா?

கேள்வி: அப்பாவுக்கு நுரையீரல் புற்று முற்றிவிட்டது. ‘இதயம் நின்றால் சி.பி.ஆர். (நெஞ்சை அழுத்தி இதயத்தை மறுபடி துடிக்க வைக்கும் முயற்சி) வேண்டாம்’ என்ற படிவத்தை ஆஸ்பத்திரியில் நீட்டுகிறார்கள். கையெழுத்துப் போட்டால் அவரைக் கைகழுவியதாக ஆகாதா?

பதில்: ஆகாது. இதயம் நின்றபின் என்ன செய்வது என்பதை மட்டுமே அந்தப் படிவம் சொல்கிறது. வலிக்கு மருந்து, மூச்சுத்திணறலுக்கு வைத்தியம், தேவையானால் ஆன்டிபயாடிக் எல்லாம் தொடரலாம். எதெது தொடரும் என்று வாய்விட்டுக் கேட்டு, கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள். பகலில் பேசியது இரவு டியூட்டி டாக்டருக்குத் தெரியாமல் போய்த்தான் பல தகராறு வருகிறது.

சி.பி.ஆர். என்பது சினிமாவில் காட்டுவதுபோல் நாலு அழுத்து அல்ல. நெஞ்செலும்பு 5 முதல் 6 செ.மீ. உள்ளே போகும்படி, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்த வேண்டும். வயதானவர்களுக்கு விலா எலும்பு முறிவது சகஜம். திடீர் மாரடைப்பில் நின்ற இதயம் இதனால் மீளலாம். புற்று முற்றி அடங்குகிற இதயம் மீள்வது அபூர்வம். மீண்டாலும் பெரும்பாலும் வென்டிலேட்டரில்தான்.

டாக்டரிடம் “இன்னும் எத்தனை நாள்?” என்றால் மழுப்பல்தான் வரும். “நாள் கணக்கா, வாரக் கணக்கா, மாதக் கணக்கா?” என்று கேளுங்கள். அப்பாவுக்கு நினைவிருந்தால் அவரிடம்தான் முதலில் பேச வேண்டும். நினைவில்லையென்றால், பேச முடிந்தால் அவர் என்ன சொல்வார் என்று வீட்டில் ஒவ்வொருவரும் சொல்லிப் பாருங்கள். வெளியூர்ப் பிள்ளைகளை அன்றே போனில் சேர்த்துக்கொள்ளுங்கள். கடைசி நாளில் வந்திறங்கி ‘எல்லாத்தையும் செய்யுங்க’ என்பவர் அநேகமாக எல்லாக் குடும்பத்திலும் ஒருவர் உண்டு.

கேள்வி: சாகும் தறுவாயில் இருக்கும் அம்மா இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. டிரிப்ஸாவது போடச் சொல்லலாமா?

பதில்: அந்தக் கட்டத்தில் உடம்புக்குப் பசி, தாகம் குறைந்துவிடும். ஏற்றுகிற நீர் கைகால் வீக்கமாகவும் நெஞ்சில் நீராகவும் தேங்கலாம். அரை மயக்கத்தில் கரண்டியால் ஊட்டாதீர்கள். மூச்சுக்குழாயில் இறங்கிவிடும், சிலர் இருமக்கூட மாட்டார்கள். பஞ்சுக் குச்சியை நனைத்து, நன்றாகப் பிழிந்து, உதடு, ஈறு, நாக்கு என்று ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒற்றுங்கள். தொண்டை கரகரத்தால் தலைமாட்டை உயர்த்தி ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். குழாய் விட்டு உறிஞ்சச் சொல்லி நர்ஸை வற்புறுத்த வேண்டாம். தொண்டை புண்ணாகும், சளி மறுபடி சேரும்.

கேள்வி: கடும் வலிக்கான மார்ஃபின் மருந்தைக் கொடுத்தால் நோயாளி சீக்கிரம் போய்விடுவாரா?

பதில்: அளவறிந்து கொடுத்தால் மாட்டார். குறைவாகத் தொடங்கி, வலியைப் பார்த்து ஏற்றுவார்கள். அநேகமாக மலச்சிக்கல் வரும். முதல் நாளே மலமிளக்கியும் எழுதித் தரச் சொல்லுங்கள்.