கேஸ் கட்டிலிருந்து கணினிக்கு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் சீனியர் அலுவலகத்தில் முப்பது வருடக் கேஸ் கட்டுகள் பீரோ பீரோவாக இருக்கின்றன. கணினிக்கு மாற்ற எங்கே தொடங்குவது? என்ன ஸ்கேனர் வாங்குவது?
– இளம் வழக்கறிஞர், காரைக்குடி

பதில்: ஸ்கேனர் பிறகு. முதலில் ஃபோல்டருக்கு எப்படிப் பெயர் வைப்பது என்று முடிவு செய்யுங்கள். நம் பக்கத்தில் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கிறோம். ஒரே பாகப்பிரிவினை வழக்கில் ஒரே பெயரில் மூன்று பேர் வருவார்கள்; பெயருக்கு முன்னால் போடும் விலாச எழுத்துகளும் (இனிஷியல்) ஒன்றாகவே இருக்கும். கட்சிக்காரர் பெயரில் ஃபோல்டர் போட்டால் ஆறு மாதத்தில் யாருடைய பத்திரம் எதில் என்று தெரியாது. ஆண்டு, வழக்கு வகை, எண் என்ற வரிசையில் ‘2023-அ.வ-45’ என்று வையுங்கள் (அ.வ. என்றால் அசல் வழக்கு). உள்ளே இருக்கும் ஒவ்வொரு கோப்பும் ‘2024-03-11 எதிர்வழக்குரை’ (பிரதிவாதியின் பதில்) என்று ஆண்டு, மாதம், நாள் என்றே தொடங்கட்டும். நாள் எண் முதலில் வந்தால் வரிசை கலைந்துவிடும். நீதிமன்றங்களின் இணையச் சேவையான இ-கோர்ட்ஸ் ஒவ்வொரு வழக்குக்கும் தனியாகத் தரும் 16 இட சி.என்.ஆர். எண்ணையும் முதல் தாளில் குறியுங்கள். இ-கோர்ட்ஸ் செயலியில் அதை மட்டும் இட்டால் அடுத்த வாய்தா தெரிந்துவிடும்.

நடப்பு வழக்குகளை மட்டும் முதலில் எடுங்கள். முடிந்த கட்டுகளுக்கு ஓர் அட்டவணை போதும்: வழக்கு எண், இரு தரப்பு, சர்வே எண், எந்த பீரோ, எந்தத் தட்டு. எல்லாவற்றையும் ஸ்கேன் செய்கிறேன் என்று இறங்கும் அலுவலகங்கள் பெரும்பாலும் நடுவில் நின்றுவிடுகின்றன. பிறகு பாதி கணினியில், பாதி பீரோவில் என்று தேடும் வேலைதான் இரட்டிப்பாகிறது.

இனி ஸ்கேனர். தாளை வரிசையாக இழுக்கும் வகை, தட்டச்சுத் தாள்களுக்கு மட்டும். பழைய கிரயப் பத்திரங்கள் மடிப்பில் ஒடியும். அவற்றைக் கண்ணாடித் தட்டில் விரித்துத்தான் எடுக்க வேண்டும். ஏ4 அளவுக் கண்ணாடியின் நீளம் 297 மி.மீ. லீகல் தாள் 356 மி.மீ. மிஞ்சும் ஏறக்குறைய 6 செ.மீ.யில்தான் கையெழுத்தும் கைரேகையும் இருக்கும். ஆகவே லீகல் அளவு எடுக்கும் இயந்திரமாகப் பாருங்கள். படத் துல்லியம் 300 டி.பி.ஐ. (அங்குலத்துக்கு 300 புள்ளி) போதும். பத்திரங்களை வண்ணத்தில், இரு பக்கமும் எடுங்கள். முத்திரைத்தாள் விற்றவர் எழுதியதும் பதிவாளர் மேலெழுத்தும் பின்பக்கத்தில் இருக்கக்கூடும். செல்போன் செயலிகள் படத்தைப் ‘பளிச்’ ஆக்கும்போது மங்கிய முத்திரை அழிந்துவிடும். மூலப்பத்திரத்துக்கு அது வேண்டாம். கிழிந்த இடத்தில் செல்லோடேப் ஒட்டாதீர்கள், லேமினேஷனும் செய்யாதீர்கள்.

முன்னோர் ரங்கூன், பினாங்கில் தொழில் செய்த காலத்துக் கணக்கேடுகள் தமிழ் எண்களிலும் பின்னங்களிலும் இருக்கும். எழுத்தறியும் மென்பொருள் அவற்றில் தடுமாறும். படித்தறியத் தெரிந்த பெரியவர் ஒருவரை உட்காரவைத்து, பக்கத்துக்கு ஒரு வரி குறிப்பு எழுதி வாங்குங்கள். அந்த அறிவு ஊரில் இருக்கும்போதே செய்துவிட வேண்டிய வேலை இது.

ஸ்கேன் முடிந்துவிட்டது என்று அசலைக் கட்சிக்காரரிடம் வாய்மொழியாகத் திருப்பித் தராதீர்கள். என்ன தந்தோம், எந்தத் தேதி என்று கையெழுத்து வாங்குங்கள். நீதிமன்றத்தில் அசலைக் கேட்பார்கள்.

கேள்வி: பழைய பிராது மாதிரிகள் கணினியில் இருந்தும் தேடினால் எதுவுமே கிடைப்பதில்லை. ஏன்?
– வழக்கறிஞர் குமாஸ்தா, தேவகோட்டை

பதில்: அவை வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சானவை. திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளின் குறியீடு. ‘பாகம்’ என்று இன்றைய பொதுக் குறியீடான யூனிகோடில் தேடினால் கிடைக்காது. எழுத்துரு மாற்றியில் இட்டு யூனிகோடாக்குங்கள். எண்களையும் நிறுத்தற்குறிகளையும் கண்ணால் சரிபாருங்கள், மாற்றத்தில் கெடுவது அவைதான். சொத்து விவரப் பட்டியலில் நான்கெல்லை, பரப்பளவு இரண்டையும் அசலோடு ஒத்துப் பாருங்கள். புதிய மனுவை ஸ்கேன் செய்து ஏற்றாமல், தட்டச்சிலிருந்தே பி.டி.எஃப். ஆக்குங்கள், தேடவும் முடியும், கோப்பும் சிறிதாக இருக்கும்.

கேள்வி: ஒரு ஜூனியர் சென்னையிலிருந்து வேலை செய்கிறார், மேல்முறையீடுகளை மதுரைக் கிளையில் ஒருவர் பார்க்கிறார். கோப்புகள் வாட்ஸ்அப்பில் பறக்கின்றன. இது சரியா?
– மூத்த வழக்கறிஞர், சிவகங்கை

பதில்: சரியில்லை. எது கடைசித் திருத்தம் என்று தெரியாமல் பழைய வரைவு தாக்கலாகிவிடும். அலுவலகப் பெயரில் ஒரு மேகச் சேமிப்புக் (கிளவுட்) கணக்கு தொடங்குங்கள். ஜூனியரின் சொந்தக் கணக்கில் வேண்டாம். அவர் விலகும் நாளில் கோப்புகளும் அவரோடு போய்விடும். இரண்டடுக்குச் சரிபார்ப்பை (கடவுச்சொல்லுக்கு மேல் இன்னொரு சரிபார்ப்பு) எல்லோருக்கும் கட்டாயமாக்குங்கள். மதுரையில் இருப்பவருக்கு அவர் பார்க்கும் வழக்கின் ஃபோல்டரை மட்டும் திறந்துவிடுங்கள். கட்சிக்காரர் சொன்ன ரகசியத்தைக் காப்பது சட்டப்படி நம் கடமை.

ஒன்றை அழுத்திச் சொல்கிறோம்: ஒத்திசைவு (sync) என்பது காப்புப் பிரதி (backup) அல்ல. ஒருவர் தவறி அழித்தால் எல்லாக் கணினியிலும் அழியும். கூகுள் டிரைவின் குப்பைத்தொட்டியில் 30 நாள்தான் இருக்கும். வாரம் ஒருமுறை ஒரு வெளி ஹார்டு டிஸ்க்கில் நகலெடுத்து, கழற்றி, வேறு கட்டடத்தில் வையுங்கள். மாதம் ஒருமுறை அதிலிருந்து ஏதாவது ஒரு கோப்பைத் திறந்தும் பாருங்கள்.

பொது நாட்காட்டியில் வாய்தாவோடு கெடு தேதிகளும் ஏறட்டும். எதிர்வழக்குரைக்குச் சம்மன் சார்வான (பிரதிவாதிக்குச் சேர்ந்த) நாளிலிருந்து 30 நாள். நீதிமன்றம் அனுமதித்தால் 90 வரை. வக்காலத்து போட்ட நாளிலிருந்து எண்ணுவதே இங்கு நடக்கும் தவறு.

கேள்வி: எங்கள் வீட்டுப் பங்காளி சிங்கப்பூரில் இருக்கிறார். பவர் பத்திரத்தை இ-கையெழுத்தில் அனுப்பலாமா? சாட்சி சொல்ல நேரில் வர வேண்டுமா?
– வாசகி, கோட்டையூர்

பதில்: தனிநபருக்குத் தரும் பவருக்கும் உயிலுக்கும் மின் கையெழுத்து செல்லாது, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் முதல் அட்டவணை விலக்கியிருக்கிறது. அவர் அங்குள்ள இந்தியத் தூதரகத்திலோ நோட்டரி முன்னிலையிலோ தாளில் கையெழுத்திட வேண்டும். அந்தப் பத்திரம் இந்தியா வந்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்தியாக வேண்டும். தபால் உறையைத் தூக்கிப் போடாதீர்கள், வந்த தேதிக்கு அதுதான் ஆதாரம்.

சாட்சியத்தைக் காணொலியில் சொல்ல நீதிமன்றத்தில் மனு போடலாம். அனுமதி கிடைத்தால், வெளிநாட்டில் தூதரக அதிகாரி ஒருவர் ஒருங்கிணைப்பாளராக இருப்பார். சாட்சியிடம் காட்ட வேண்டிய ஆவணங்களின் நகலை முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள். சிங்கப்பூர் நேரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னால் என்பதை மனுவிலேயே குறிப்பிடுங்கள். மாலை 4 மணி வரை விசாரணை நீண்டால் அங்கே ஆறரை, அலுவலகம் மூடியிருக்கும்.