ரோட்டினோன் தின்ற பழ ஈ ஏன் மேலே ஏறுவதில்லை?

பூச்சிமருந்து கொடுத்த பழ ஈக்களுக்கு ஏன் நடை தளர்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். ரோட்டினோன் என்ற பூச்சிமருந்தை எடுத்துக்கொள்வோம். குழாயை லேசாகத் தட்டினால் நல்ல ஈ அடியில் விழுந்து, உடனே சுவரைப் பிடித்து விறுவிறுவென்று ஏறிவிடும். சில நாள் ரோட்டினோன் கலந்த தீனி தின்ற ஈயோ அடியிலேயே தடுமாறும். கோளாறு மூளையில். உயிரணுக்களுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் ஆற்றல் தயாரிக்கும் தொடரின் முதல் கண்ணியையே இந்த நஞ்சு அடைத்துவிடுகிறது. அப்புறம் ஆக்சிஜனேற்ற அழுத்தம் (தீவிர ஆக்சிஜன் மூலக்கூறுகள் பெருகி உயிரணுவைச் சிதைப்பது) ஏறி, அசைவுக்கு வேண்டிய டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள் சாகின்றன. 2004இல் வெளியான ஒரு பிரெஞ்சு ஆய்வில் உடலில் டோபமினாக மாறும் எல்-டோபா மருந்தைக் கொடுத்ததும் ஈக்களின் நடமாட்டம் தேறியது. நரம்பணுச் சாவு மட்டும் நிற்கவில்லை. பார்க்கின்சன் நோயாளிகளிடமும் இதே நிலைதான். மெலடோனின் என்ற ஹார்மோனோ நடைத் தளர்ச்சி, நரம்பணுச் சாவு இரண்டையுமே குறைத்தது. எனக்கு மிக முக்கியமாகப் படுவது இந்த வித்தியாசம்தான்.