பிரிட்டனை விட்டு வந்தபின் என்.ஐ. கட்டலாமா? கேள்விகளும் பதில்களும்

லண்டனில் 11 ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு 2014-இல் கோவைக்குத் திரும்பியவன் நான். அன்றிலிருந்து, பிரிட்டிஷ் அரசு பென்ஷனுக்குத் தகுதி தரும் என்.ஐ. எனப்படும் தேசியக் காப்பீட்டுச் சந்தாவை விருப்பத்தின் பேரில் கட்டி வருகிறேன். பலருக்குப் படிவம் நிரப்பவும் உதவியிருக்கிறேன். வந்த கேள்விகளில் எனக்குத் தெரிந்தவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். ஒரு வேண்டுகோள்: பிரிட்டிஷ் அரசின் இணையதளத்தில் உங்கள் என்.ஐ. கணக்கையும் பென்ஷன் மதிப்பீட்டையும் பார்க்காமல் ஒரு பவுண்ட் கூடக் கட்டாதீர்கள்.

கேள்வி: 2013 முதல் 2020 வரை ரெடிங்கில் சாஃப்ட்வேர் வேலை. கணக்கில் 7 முழு ஆண்டுகள் இருக்கின்றன. இப்போது சென்னையில் வேலை. எனக்கு ஏதாவது கிடைக்குமா?

இப்படியே விட்டால் ஒன்றும் கிடைக்காது. குறைந்தது 10 ஆண்டுகள் இருந்தால்தான் பென்ஷன், முழுத் தொகைக்கு 35 ஆண்டுகள் வேண்டும். உங்கள் 7 ஆண்டு உழைப்பு பூஜ்யமாகப் போகும். அதனால்தான் உங்களுக்கு விரிவாக எழுதுகிறேன்.

கடந்த 6 ஆண்டு இடைவெளிகளை நிரப்பலாம். உங்களுக்கு 2020-21 முதல் 2025-26 வரை சரியாக ஆறு இருக்கின்றன. 2020-21-க்குக் கடைசி நாள் 2027 ஏப்ரல் 5. பிரிட்டனை விட்டுக் கிளம்பும்வரை வேலையில் இருந்து, அங்கே தொடர்ந்து 3 ஆண்டுகள் வசித்து அல்லது 3 ஆண்டுகள் சந்தா கட்டி, இப்போது வெளிநாட்டிலும் வேலை பார்த்தால் இந்த ஆண்டுகளுக்கு, விருப்பச் சந்தாவின் இரண்டு வகைகளில் மலிவான கிளாஸ் 2 போதும். 2025-26 கணக்கில் அது வாரம் 3.50 பவுண்ட், ஆண்டுக்கு 182. கிளாஸ் 3 என்றால் வாரம் 17.75, ஆண்டுக்கு 923. ஒரே ஆண்டு, ஒரே பலன், விலை மட்டும் ஐந்து மடங்கு.

ஆறு ஆண்டுக்கும் கிளாஸ் 2-இல் சுமார் 1,100 பவுண்ட் ஆகும். உங்களுக்கு 13 ஆண்டுகள் சேரும். 2025-26-இன் முழுத் தொகை வாரம் 230.25 பவுண்ட், அதில் 35-இல் 13 பங்கு என்றால் வாரம் சுமார் 85. ஒன்றுமே இல்லாததற்கும் இதற்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள்.

வெளிநாட்டிலிருந்து சந்தா கட்ட விண்ணப்பிக்கும் சி.எஃப்.83 படிவத்தில், கிளம்பும் முன் பார்த்த கடைசி வேலையின் முடிவுத் தேதியையும் இப்போதைய வேலையையும் தெளிவாக எழுதுங்கள். கிளாஸ் 2-ஆ 3-ஆ என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். கிளாஸ் 3 என்று பதில் வந்தால் உடனே கட்டிவிடாமல், பழைய நிறுவனத்தின் கடிதத்தோடு மறுபடி கேளுங்கள்.

கேள்வி: நான் கட்டிய என்.ஐ. பணத்தைத் திரும்ப வாங்க முடியுமா?

முடியாது. அது பி.எஃப். மாதிரி உங்கள் பெயரில் சேர்ந்த பணம் அல்ல.

கேள்வி: போன மாதம்தான் கிளம்பினேன். இனிமேல் வரும் ஆண்டுகளுக்கு கிளாஸ் 2 கட்டலாமா?

2026 ஏப்ரல் 6 முதல் வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு கிளாஸ் 2 கிடையாது, கிளாஸ் 3 மட்டும்தான். அதற்கும் பிரிட்டனில் தொடர்ந்து 10 ஆண்டுகள் வசித்திருக்க வேண்டும், அல்லது 10 ஆண்டுகள் சந்தா கட்டியிருக்க வேண்டும். அதற்கு முந்தைய ஆண்டுகளுக்குத் தகுதி இருந்தால் பழைய விதிப்படி கட்டலாம். 2006 முதல் 2016 வரையிலான பழைய இடைவெளிகளுக்கு இருந்த சலுகை 2025 ஏப்ரல் 5-உடன் முடிந்துவிட்டது. அதைப் பற்றி ஒன்பது பேர் கேட்டிருக்கிறீர்கள். எல்லோருக்கும் இதுதான் பதில்.

ஸ்கார்பரோவிலிருந்து ஒருவர்: அண்ணை, லண்டனில் 14 வருசம் வேலை செய்துபோட்டு கனடா வந்தனான். இங்க பென்சனை உறைய வைக்கிறாங்கள். பிறகு ஏன் சனத்தைக் காசு கட்டச் சொல்லுறீங்கள்?

உங்கள் கோபம் நியாயமானது. கனடா, ஆஸ்திரேலியா, இந்தியா, இலங்கை ஆகிய நாடுகளில் வாழ்பவர்களுக்கு ஆண்டு உயர்வு கிடையாது. 2016-17-இல் முழு பென்ஷனாக 155.65 பவுண்ட் வாங்கத் தொடங்கியவர் கோவையில் இருந்தால் இன்றைக்கும் அதே 155.65 தான். அதே மனிதர் அமெரிக்காவிலோ பிரான்ஸிலோ சுவிட்சர்லாந்திலோ இருந்தால் ஒவ்வோர் ஆண்டும் உயர்வு உண்டு. இதை எதிர்த்து ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனார்கள். 2010-இல் தோற்றார்கள். அந்தத் தீர்ப்பை இன்றும் என்னால் ஏற்க முடியவில்லை.

ஆனால் உறைவது பென்ஷன் வாங்கத் தொடங்கும் நாளிலிருந்துதான். அதுவரை முழுத் தொகை ஏற ஏற உங்கள் பங்கும் ஏறும். 40 வயதுக்காரருக்கு 2025-26-இன் 230 உறைவதில்லை, அவர் ஓய்வு பெறும் ஆண்டின் தொகைதான் உறையும்.

கோவையிலிருந்து ஒருவர்: அந்தப் பணத்தை பி.பி.எஃப்.-இல் போட்டால் 7.1 சதவீத வட்டி வருமே?

கணக்குப் போட்டே பார்ப்போம். 2025-26 கணக்கில் ஓர் ஆண்டு சேர்த்தால் பென்ஷன் வாரம் 6.58 பவுண்ட் கூடும், ஆண்டுக்கு சுமார் 342. கிளாஸ் 2-இல் அதற்குக் கட்டியது 182. பென்ஷன் தொடங்கி ஏழு மாதத்துக்குள் போட்ட பணம் வந்துவிடும், அப்புறம் ஆயுள் முழுக்க வரும். 2016-க்கு முந்தைய ஆண்டுகளுக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாமல் போகலாம், அதற்குத்தான் மதிப்பீட்டை முதலில் பார்க்கச் சொல்கிறேன்.

ஸ்கார்பரோ மறுபடியும்: கிளாஸ் 3 கட்டுறவைக்கு?

923 பவுண்ட் திரும்பி வர மூன்று ஆண்டுக்குக் கொஞ்சம் குறைவாக ஆகும். உறைந்தாலும் எழுபதைத் தாண்டி வாழ்பவருக்கு லாபம்தான். உடல்நிலை சரியில்லாதவர், அல்லது வாரிசுக்குப் பணம் போக வேண்டும் என்று நினைப்பவர் பி.பி.எஃப். பக்கம் போவதில் தவறில்லை. அந்த இடத்தில் கோவைக்காரர் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உறைகிறது என்ற ஒரே காரணத்துக்காக 9 ஆண்டுகள் வைத்திருப்பவர் பத்தாவதைக் கட்டாமல் விடுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அநியாயத்தை எதிர்த்து உங்கள் எம்.பி.க்கு எழுதுங்கள். பத்தாவது ஆண்டையும் கட்டுங்கள்.

கேள்வி: என்.ஐ. ரீஃபண்ட் கிடைக்குமா?

மேலே இரண்டாவது பதில்.

கேள்வி: இந்திய வங்கியிலிருந்து பணம் அனுப்பும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

ரெஃபரன்ஸ் வரியை. முதலில் என்.ஐ. நம்பர், அதை ஒட்டி ஐ, சி என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள், பிறகு குடும்பப் பெயர், முதலெழுத்து. இடைவெளி விடக் கூடாது. என் முதல் தவணையில் உள்ளூர் வங்கிக் கிளை அந்த வரியைச் சேர்க்காமலே அனுப்பிவிட்டது. பணம் போய்விட்டது, யாருடையது என்றுதான் தெரியவில்லை. ரசீது நகலோடு மூன்று கடிதம் எழுதினேன், ஏழு மாதம் கழித்துத்தான் என் கணக்கில் ஏறியது. வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பியதற்கான ஸ்விஃப்ட் ரசீதைக் கையில் வாங்கி, அந்த வரியை எழுத்து எழுத்தாகச் சரிபார்த்த பிறகு கிளையை விட்டு வெளியே வாருங்கள்.

கேள்வி: ஏஜென்ட் ஒருவர் என்.ஐ. நம்பரும் கட்டணமும் கேட்கிறார். கொடுக்கலாமா?

வேண்டாம். படிவம் இலவசம். நிரப்ப ஒரு மணி நேரம் போதும்.

கேள்வி: இந்த பென்ஷனுக்கு இந்தியாவில் வரி உண்டா?

உங்கள் ஆடிட்டரைக் கேளுங்கள்.

கேள்வி: எவ்வளவு கட்ட வேண்டும் என்று சொல்லுங்கள்.

கணக்கைப் பார்த்தீர்களா? பார்த்துவிட்டு எத்தனை ஆண்டு, எந்தெந்த ஆண்டு இடைவெளி என்று எழுதுங்கள். அது இல்லாமல் என்னால் மட்டுமல்ல, யாராலும் சொல்ல முடியாது.

யாழ்ப்பாணத்திலிருந்து: அப்பாவுக்கு லண்டன் பென்சன் வருது. உயிரோடு இருக்கிறதுக்குச் சான்று கேட்டுக் கடிதம் வந்திருக்கு. என்ன செய்ய?

இதை இன்றைக்கே செய்யுங்கள். சாட்சிக் கையெழுத்தோடு 16 வாரத்துக்குள் திரும்பப் போகாவிட்டால் பென்ஷனை நிறுத்திவைப்பார்கள். உறவினர் கையெழுத்து செல்லாது. யார் யார் போடலாம் என்று கடிதத்திலேயே இருக்கும். நகல் ஒன்று வைத்துக்கொண்டு பதிவுத் தபாலில் அனுப்புங்கள். முகவரி மாறியிருந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள். அடுத்த கடிதம் பழைய வீட்டுக்குப் போய்விடக் கூடாது.