விளக்கைத் திறப்பவர்கள்

அன்புள்ள ஐயா,

சிங்கப்பூரில் ஒரு தனியார் மையத்தில் ஆங்கிலம் கற்பிக்கிறேன். என் வகுப்பில் இருப்பவர்கள் பெரும்பாலும் சீனாவிலிருந்து வேலைக்கு வந்தவர்கள். முப்பது, நாற்பது வயதுக்காரர்கள். உழைப்பில் குறை சொல்ல முடியாது. ரயிலில் வரும்போதுகூடக் கைபேசியில் சொற்பட்டியலைப் புரட்டிக்கொண்டே வருகிறார்கள். நானே அகராதி பார்க்க வேண்டிய சொற்கள் அவர்களுக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் பேசத் தொடங்கினால் ‘ஓப்பன் தி லைட்’, ‘லெர்ன் நாலெட்ஜ்’, ‘ஐ வெரி லைக்’ என்றுதான் வருகிறது. சொந்த அக்காவைப் பற்றிச் சொல்லும்போது ‘ஹி’ என்கிறார்கள். திருத்தினால் சிரித்தபடி ‘யெஸ், டீச்சர்’ என்கிறார்கள். மறுநாள் அதே பிழை. வகுப்பில் சீனம் பேசவும், அகராதிச் செயலியைத் திறக்கவும் தடை போடச் சொல்கிறார் மையத்தின் நிர்வாகி. எனக்குச் சீனம் தெரியாது. மொழிபெயர்ப்பைப் பற்றி நீங்கள் தொடர்ந்து எழுதுவதால் கேட்கிறேன். தடை உதவுமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி)

அன்புள்ள நண்பருக்கு,

தடை போடாதீர்கள். சீனம் பேசக் கூடாது என்று பலகை மாட்டினால் வாய்தான் மூடும். தலைக்குள் ஓடுகிற சீனம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். உங்கள் மாணவர்களின் பிழைகளில் பெரும்பாலானவை அங்கிருந்துதான் வருகின்றன. அதை மறைத்துவைப்பதைவிடக் கரும்பலகைக்கு இழுத்து வருவது நல்லது. அதற்கு நீங்கள் சீனம் பேசக் கற்க வேண்டியதில்லை. அடிக்கடி தொல்லை தருகிற ஒரு கைப்பிடிச் சொற்களைத் தெரிந்துகொண்டால் போதும்.

‘காய்’ என்ற வினையை எடுத்துக்கொள்ளுங்கள். சீனர்கள் கதவைக் ‘காய்’ செய்வார்கள், விளக்கையும் ‘காய்’ செய்வார்கள். காரை ஓட்டுவது, கூட்டம் நடத்துவது, மருத்துவர் மருந்து எழுதித் தருவது, பூ மலர்வது, தண்ணீர் கொதிப்பது எல்லாவற்றுக்கும் அதே சொல்தான். அவர்கள் மனப்பாடம் செய்த பட்டியலில் ‘ஓப்பன்’ என்பதற்கு எதிரே இந்த ஒற்றைச் சொல் இருந்திருக்கும். ஆகவே விளக்கைத் ‘திறக்கிற’ மாணவர் கவனக்குறைவால் அப்படிச் சொல்லவில்லை. பட்டியலுக்கு விசுவாசமாக இருக்கிறார். பலகையின் நடுவில் அந்தச் சீன எழுத்தை அவரையே எழுதச் சொல்லுங்கள். சுற்றிலும் கதவு, விளக்கு, கார், கூட்டம், மருந்துச்சீட்டு என்று வரைந்து ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலம் எந்த வினையைக் கேட்கிறது என்று எழுதுங்கள். பத்து முறை திருத்துவதைவிட இந்த ஒரு படம் பயன்படும். தன் மொழியின் ஒரு சொல் இத்தனை வேலை செய்கிறது என்பதை அவர் அதுவரை யோசித்தே பார்த்திருக்க மாட்டார். யார்தான் யோசிக்கிறோம்? நாம் விளக்கைப் ‘போடு’கிறோம், சட்டையையும் போடுகிறோம், சண்டையும் போடுகிறோம்.

‘கான்’ என்பதும் இதே வகை. புத்தகம் படிப்பது, தொலைக்காட்சி பார்ப்பது, நோயாளியைப் போய்ப் பார்ப்பது, மருத்துவரிடம் போவது எல்லாம் அதில் அடங்கும். ஆங்கிலமோ ‘ரீட்’, ‘வாட்ச்’, ‘விசிட்’, ‘சீ’ என்று பிரித்து வைத்திருக்கிறது. ‘ஜியெ’ என்றால் கடன் வாங்குவதும் உண்டு, கொடுப்பதும் உண்டு. ‘பாரோ’, ‘லெண்ட்’ இரண்டும் அவர்களுக்குக் குழம்புவது அதனால்தான்.

இதில் சிங்கப்பூருக்கே உரிய ஒரு சிக்கலும் இருக்கிறது. வகுப்பை விட்டு இறங்கிக் கீழே காப்பிக் கடைக்குப் போனால் அங்கே உள்ளூர்க்காரர்களும் விளக்கை ‘ஓப்பன்’தான் செய்கிறார்கள். மலாயிலும் ‘புக்கா லம்பு’ என்பதுண்டு. ‘புக்கா’ என்றால் திறப்பது. நீங்கள் காலையில் திருத்தியதை அந்தத் தெரு மாலையில் அழித்துவிடுகிறது. ஆகவே ‘தப்பு’ என்று மட்டும் சொல்லாதீர்கள். காப்பிக் கடைக்கு இது போதும், அலுவலக மின்னஞ்சலுக்கு இது வேண்டும் என்று இடம் பிரித்துச் சொல்லுங்கள். வளர்ந்தவர்கள் அதை உடனே பிடித்துக்கொள்வார்கள்.

‘ஹி’, ‘ஷி’ பற்றி. சீனத்தில் அவன், அவள், அது மூன்றும் காதுக்கு ‘தா’ என்ற ஒரே ஒலிதான். எழுத்தில் மட்டுமே வேறுபாடு. அந்தப் பெண்பால் எழுத்துக்குக்கூட இன்றைய பொருளில் சுமார் நூறு வயதுதான் ஆகிறது. லியு பன்னோங் என்ற கவிஞர் அதற்காக வாதாடினார். 1920இல் அவர் எழுதிய ஒரு காதல் கவிதை அதைப் பரப்பியது. ஆகவே அக்காவை ‘ஹி’ என்பவருக்குப் பால் வேறுபாடு புரியாமல் இல்லை. பேசும் வேகத்தில் அந்தத் தேர்வைச் செய்யும் பழக்கம் அவருடைய நாக்குக்கு இல்லை. நடுவில் மறித்துத் திருத்தினால் சொல்ல வந்த கதையையும் சேர்த்து விட்டுவிடுவார். அவர் பேசி முடித்த பிறகு, நீங்கள் ‘ஓ, ஷி...’ என்று தொடங்கி ஒரு கேள்வி கேளுங்கள், அது போதும். அவன், அவள், அவர், அது என்று அடுக்கி வைத்திருக்கும் நமக்கு இது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் ‘நாம்’, ‘நாங்கள்’ என்ற வேறுபாடு ஆங்கிலத்தில் இல்லையே என்று நாம் குறைப்படுகிறோம் அல்லவா? பெய்ஜிங் பக்கத்து வடசீனர்களிடம் அது இருக்கிறது. கேட்பவரையும் சேர்த்துக்கொள்ள ‘ஸான்மென்’ என்பார்கள், கிட்டத்தட்ட நம் ‘நாம்’. உங்கள் வகுப்பில் வடக்கத்தியர் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள், அரை மணி நேரம் இனிமையாகப் போகும்.

இனி சொற்பட்டியல். அதைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. சீனச் சொற்கள் பெரும்பாலும் பிரித்தால் பொருள் தெரியும்படி இருப்பவை. மாடு, மாட்டு இறைச்சி. பன்றி, பன்றி இறைச்சி. ஜனவரிக்கு ‘ஒன்று-மாதம்’, பிப்ரவரிக்கு ‘இரண்டு-மாதம்’. நிமோனியாவுக்கு ‘நுரையீரல்-அழற்சி’. பள்ளிக்கூடச் சிறுவனுக்கும் அது எந்த உறுப்பின் நோய் என்று புரிந்துவிடும். ஆங்கிலத்துக்கு வந்தால் ‘கவ்’ வேறு, ‘பீஃப்’ வேறு. ‘பிக்’ வேறு, ‘போர்க்’ வேறு. இங்கிலாந்தை 1066இல் பிடித்த, பிரெஞ்சு பேசிய நார்மானியர்கள் தின்ற இறைச்சிக்குப் பிரெஞ்சுப் பெயர் வைத்ததற்கு வடகிழக்குச் சீனாவின் ஹார்பின் நகரிலிருந்து வந்த ஒரு கணக்காளர் தண்டம் கட்டுகிறார். ஒரு சொல் இன்னொன்றைக் காட்டிக்கொடுக்காத மொழியில் மனப்பாடத்தைத் தவிர வேறு வழி இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை. தேர்வுகளும் அப்படி. கல்லூரி நுழைவுத் தேர்வுக்கே சுமார் 3500 சொற்கள். கல்லூரிக்குள் போனால் 1980களின் பிற்பகுதியில் தொடங்கிய நான்காம் நிலை, ஆறாம் நிலை ஆங்கிலத் தேர்வுகள் காத்திருக்கும். அகர வரிசைப் பட்டியல்களில் முதலில் வரும் சொல் ‘அபாண்டன்’ என்பதால், கைவிடு என்று தொடங்கி அங்கேயே கைவிட்டுவிட்டோம் என்பது சீன மாணவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிச் சிரிக்கும் நகைச்சுவை. உங்கள் வகுப்பில் சொல்லிப் பாருங்கள், ஒருவர் பாக்கியில்லாமல் சிரிப்பார்கள்.

பட்டியலின் வரலாறு தேர்வுகளைவிடப் பழையது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தென்சீனாவின் கான்டன் (இன்றைய குவாங்சோ) துறைமுகத்தில், அந்நியர் பேச்சைச் சீன எழுத்துகளால் ஒலிபெயர்த்த சிறு கையேடுகள் விற்றன. அவற்றில் ஓர் ஆங்கில எழுத்துகூடக் கிடையாது. தேயிலை வியாபாரத்துக்கு அது போதுமாக இருந்தது. 1862இல் தாங் திங்ஷூ என்ற வணிகத் தரகர் ஆறு தொகுதிகளில் இதையே விரிவாகச் செய்தார்.

பட்டியலில் நான் காணும் குறை ஒன்றுதான். அது சொல்லைத் தனியாக நிறுத்துகிறது. ‘ரெயின்’ தெரியும், ‘பிக்’ தெரியும். சீனத்தில் பெருமழை என்பது ‘பெரிய மழை’, ஆகவே ‘பிக் ரெயின்’. ஆங்கிலமோ ‘ஹெவி’ கேட்கிறது. நாம் கனமழை என்று சொல்லிப் பழகியதால் அங்கே தப்பித்துவிடுகிறோம். சீனத்தில் தேநீர் ‘கெட்டி’யாக இருக்கும்; ஆங்கிலத்தில் ‘ஸ்ட்ராங்’. போதாக்குறைக்கு, ஆங்கிலேயர் ‘பிளாக் டீ’ என்பதைச் சீனர்கள் சிவப்புத் தேநீர் என்கிறார்கள். அறிவைக் ‘கற்பது’ சீனத்தில் சரியான தொடர். ‘லெர்ன் நாலெட்ஜ்’ அதன் நேர்ப் பிரதி, ஆங்கிலத்தில் ‘கெய்ன்’ அல்லது ‘அக்வயர்’ வர வேண்டும். இதில் எந்த மொழி தர்க்கப்படி நடக்கிறது என்று வாதாடிப் பயனில்லை. மாணவர் ‘ரெயின்’ என்று எழுதிய இடத்தில் ‘ஹெவி ரெயின்’ என்று எழுதவையுங்கள். பட்டியல் இருந்துவிட்டுப் போகட்டும், ஒவ்வொரு வரியிலும் சொல் தன் துணையோடு இருக்கட்டும்.

இதனால்தான் அகராதியைத் தடை செய்யாதீர்கள் என்கிறேன். 1922இல் தோக்கியோவுக்குப் போன ஆங்கில ஆசிரியர் ஹெரால்ட் பாமர், அவருடைய வழிவந்த ஏ. எஸ். ஹார்ன்பி இருவரும் ஜப்பானிய மாணவர்களுக்குக் கற்பித்தபோது கண்ட தொல்லை ஏறக்குறைய உங்களுடையதுதான். எந்தச் சொல் எதனோடு சேரும் என்று பல ஆண்டுகள் திரட்டினார்கள். ஹார்ன்பியும் இரண்டு சகாக்களும் தொகுத்த அகராதி போருக்கு நடுவே 1942இல் தோக்கியோவில் அச்சானது. அதையே 1948இல் ஆக்ஸ்போர்டு வெளியிட்டது. இன்று ஆங்கில விளக்கத்துக்குப் பக்கத்திலேயே சீனமும் அச்சிட்ட அதன் இருமொழிப் பதிப்பு சீனாவெங்கும் புழங்குகிறது. ஒற்றைச் சொல்லுக்கு ஒற்றைச் சொல் தருகிற செயலியை விட்டு அதைப் புரட்டச் சொல்லுங்கள். எடுத்துக்காட்டு வாக்கியத்தைத்தான் முதலில் படிக்க வேண்டும் என்பதை விதியாக்குங்கள். போட்டே தீர வேண்டுமென்றால் இந்தத் தடையைப் போடலாம்.

உங்கள் மாணவர்கள் வேலைக்குப் போகிறவர்கள் என்பதால் இன்னும் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். ஒன்று, சொல்லின் நிறம். விளம்பரம், பரப்புரை இரண்டுக்கும் சீனத்தில் ‘ஷுவான்ச்சுவான்’ என்ற ஒரே சொல். பழைய அகராதிகள் அதை ‘ப்ராப்பகாண்டா’ என்றே பெயர்த்தன. சீனக் கம்யூனிஸ்ட் கட்சியே தன் பரப்புரைத் துறையின் சீனப் பெயரை அப்படியே வைத்துக்கொண்டு ஆங்கிலப் பெயரை மட்டும் ‘பப்ளிசிட்டி’ என்று மாற்றிவிட்டது. உங்கள் மாணவர் தன் நிறுவனத்தின் ‘ப்ராப்பகாண்டா’வைப் பற்றி மேலாளரிடம் பெருமையாகப் பேசுவதற்கு முன் இதைச் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று எண்கள். இங்கே நீங்களும் அவர்களும் ஒரே கட்சி. நாம் லட்சம், கோடி என்று எண்ணுகிறோம். அவர்களுக்குப் பத்தாயிரம் ஒரு ‘வான்’, பத்துக் கோடி ஒரு ‘யீ’. பன்னிரண்டு லட்சம் அவர்களுக்கு 120 ‘வான்’, ஆங்கிலத்தில் 1.2 மில்லியன். இலக்கத்தில் எழுதினால் குழப்பமில்லை. தொலைபேசியில் வாயால் சொல்லும்போதுதான் ஒரு சைபர் காணாமல் போகும். எதிர்மறைக் கேள்வியிலும் நாம் அவர்கள் பக்கம்தான். ‘சாவி இல்லையா?’ என்றால் நாம் ‘ஆமாம், இல்லை’ என்போம், அவர்களும் அப்படியே. ஆங்கிலத்திலோ ‘யெஸ்’ என்றால் ‘இருக்கிறது’ என்று பொருள். ஆகவே ‘டோன்ட் யூ ஹேவ் தி கீ?’ என்பதற்கு வரும் ‘யெஸ்’ஸை நம்பிக் கதவைச் சாத்திவிடாதீர்கள்.

‘ஐ வெரி லைக்’ மட்டும் பாக்கி. அது சொல்லின் சிக்கல் இல்லை, வரிசையின் சிக்கல். சீனத்தில் ‘மிக’ என்பது வினைக்கு நேர் முன்னால் வந்து நிற்கும். ‘வெரி மச்’ கடைசிக்குப் போக வேண்டும் என்று சொல்லி, ஆளுக்குப் பிடித்த உணவை வைத்து வாய்ப்பாடு போலத் தினமும் ஐந்து நிமிடம் சொல்லவையுங்கள். இதற்கு விளக்கமெல்லாம் தேவையில்லை, பழக்கம் போதும்.