அத்தானின் கம்பெனியில் உங்கள் கழுத்துக்கு வரும் வம்பு

கேள்வி: டர்பனில் கடலாய்வுக் கருவிகள் செய்யும் கம்பெனி எங்களுடையது. அத்தானுக்கு 70 சதவீதம், எனக்கு 30, இருவரும் இயக்குநர்கள். கருவிகளை வடிவமைத்தவன் நான். ஆனால் என்னை வேலைக்காரனைப் போல நடத்துகிறார். அக்கா பெயரிலுள்ள கம்பெனிக்கே உதிரிபாக ஆர்டர் எல்லாம் போகிறது. காலிபரேஷன் (கருவி சரியாக அளக்கிறதா என்ற சோதனை) செய்யாமலே சான்றிதழ் கொடுக்கிறார். என் பங்குக்கு நல்ல விலை தராவிட்டால் வாடிக்கையாளர்களிடம் சொல்லிவிடுவேன் என்று எழுதப்போகிறேன். சரிதானா ஐயா? (சாட்ஸ்வர்த் வாசகர்)

பதில்: அந்தக் கடிதத்தை அனுப்பாதீர்கள்.

அவமானத்தை மட்டும் வைத்து நீதிமன்றத்தில் பெரிதாக எதையும் எதிர்பார்க்காதீர்கள். அக்கா கம்பெனி ஆர்டரை வைத்து வழக்கு நிற்கும் என்றும் நம்பாதீர்கள். தென்னாப்பிரிக்காவின் 2008 கம்பெனிச் சட்டம் 75ஆம் பிரிவின்படி அத்தான் அந்த உறவைச் சொல்லிவிட்டுக் கூட்டத்திலிருந்து எழுந்து போயிருக்க வேண்டும்தான். ஆனால் இப்போது வெளிப்படுத்திவிட்டுப் பங்குதாரர் தீர்மானம் போட்டால் அது செல்லுபடியாகும். 70 சதவீதம் அவர் கையில் இருக்கிறதே.

சட்டம் உங்களிடம் கேட்கப்போவது ஒன்றுதான்: சான்றிதழ் பொய் என்று உங்களுக்கு எப்போது தெரிந்தது? நீங்கள் அனுப்பிய இரண்டு சான்றிதழ்களைப் பார்த்தேன். வரிசை எண் மட்டும் வேறு, திருத்தக் குணகங்கள் (கருவி காட்டும் அளவைச் சரிசெய்யும் எண்கள்) கடைசித் தசமம் வரை ஒன்று. கடல்நீரின் உப்பை அளக்கும் இரண்டு சென்சார்கள் அப்படி ஒத்துப்போகாது என்பது வடிவமைத்த உங்களுக்குத் தெரியாதா? மோசடி என்று தெரிந்தும் அதில் பங்கெடுத்த இயக்குநர், நட்டத்துக்குச் சொந்தப் பணத்திலிருந்து பதில் சொல்ல வேண்டும் என்கிறது கம்பெனிச் சட்டத்தின் 77ஆம் பிரிவு. அது போக, 2004 ஊழல் தடுப்புச் சட்டத்தின் 34ஆம் பிரிவு: 1,00,000 ரேண்டோ அதற்கு மேலோ உள்ள மோசடி தெரிந்தால் இயக்குநர், பெரிய குற்றங்களை விசாரிக்கும் போலீஸின் ஹாக்ஸ் பிரிவில் புகார் தந்தாக வேண்டும். தராமல் இருப்பதே குற்றம்.

இப்போது உங்கள் கடிதத்துக்கு வருவோம். "விலை கொடு, இல்லையென்றால் சொல்லிவிடுவேன்" என்பது மிரட்டிப் பணம் பறித்தல். நீங்கள் சொல்வது முழு உண்மையாகவே இருந்தாலும் அப்படித்தான் பார்க்கப்படும். நல்ல வழக்கோடு வந்தவர்கள் ஒரே ஒரு வாட்ஸ்அப் செய்தியால் குற்றவாளிக் கூண்டு வரை போனதைப் பார்த்திருக்கிறேன். எதிர்த்தரப்பு பதிலே போடாது. ஸ்கிரீன்ஷாட்டை எடுத்து உறுதிமொழிப் பத்திரத்தோடு இணைத்துவிடும். அதற்கப்புறம் பேச்சு சான்றிதழைப் பற்றி இருக்காது, உங்களைப் பற்றித்தான் இருக்கும். சொந்தக்காரர்கள் குழுவில் ஏற்கெனவே ஏதாவது எழுதியிருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். அழிக்கவும் வேண்டாம், அது இன்னொரு சந்தேகத்தைக் கிளப்பும்.

கம்பெனிச் சட்டத்தின் 159ஆம் பிரிவு நல்லெண்ணத்தோடு உண்மையைச் சொல்பவரைக் காக்கிறது, ஆனால் யாரிடம் சொல்கிறீர்கள் என்பது முக்கியம். இயக்குநர் குழு, தணிக்கையாளர், கம்பெனிகளைப் பதிவு செய்யும் அரசு ஆணையமான சிஐபிசி, வழக்கறிஞர் ஆகியோர் அந்தப் பட்டியலில் உண்டு. வாடிக்கையாளர், பத்திரிகை, உறவினர் கிடையாது. கம்பெனி சர்வரிலிருந்து கோப்புகளை அள்ளிக்கொண்டு வருவதும் வேண்டாம்.

ராஜினாமா செய்தால் கை கழுவிவிடலாம் என்றும் நினைக்காதீர்கள். பதவி விலகியவரையும் இயக்குநராக இருக்கத் தகுதியற்றவர் என்று அறிவிக்கும்படி நீதிமன்றத்தில் கோரலாம். அதற்கான காலம் 24 மாதமாக இருந்தது, 2024 திருத்தத்தில் 60 மாதமாகிவிட்டது.

முதலில் இயக்குநர் குழுவுக்கு எழுத்தில் கொடுங்கள்: சான்றிதழ்களைத் திரும்பப் பெற வேண்டும், வாங்கியவர்களுக்குக் கம்பெனியே தெரிவிக்க வேண்டும் என்று. அந்த அளவீடுகளை நம்பி யாரோ ஆய்வு எழுதிக்கொண்டிருக்கிறார்கள், இதில் தாமதிக்க உங்களுக்கு உரிமை இல்லை. உங்கள் எதிர்ப்பு கூட்டக் குறிப்பில் ஏற வேண்டும். ஹாக்ஸ் புகாரையும் வழக்கறிஞர் மூலம் கொடுத்துவிடுங்கள்.

பங்கு விஷயத்தில் சமாதானமாகப் போங்கள். தனியார் கம்பெனியின் 30 சதவீதத்தை அத்தானைத் தவிர யார் வாங்குவார்? உயர் நீதிமன்றத்துக்குப் போனால் அதில் பாதியைச் செலவே தின்றுவிடும். இருவரும் ஒப்புக்கொள்ளும் மதிப்பீட்டாளரை வையுங்கள், அவர் சொல்லும் விலையை ஏற்றுக்கொள்ளுங்கள். ஒப்பந்தத்தில் சான்றிதழ் பற்றி வாய் திறக்கக் கூடாது என்ற வரி இருந்தால் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள்.