ஓடும் காரில் அணைந்து எரியும் டேஷ் கேமரா

கேள்வி: எட்டு மாதத்துக்கு முன் காரில், முன்னால் உள்ள சாலையைப் பதிவு செய்யும் டேஷ் கேமரா மாட்டினேன். காரிலேயே இருக்கும் யுஎஸ்பி போர்ட்டில் சொருகியிருக்கிறேன். இப்போது வண்டி ஓடும்போதே அணைந்து, தானாகத் திரும்ப எரிகிறது. தேதியும் நேரமும் அடிக்கடி மாறிப்போகின்றன. கடைக்காரர் "பேட்டரி போய்விட்டது, புதுசு வாங்கிடுங்க" என்கிறார். வாங்கத்தான் வேண்டுமா?

பதில்: பொறுங்கள், பணத்தை எடுக்காதீர்கள். தேதி மாறுவது உள் பேட்டரி தளர்ந்ததற்கு அடையாளம்தான். ஆனால் அந்தச் சின்ன பேட்டரியின் வேலை, சாவியை எடுத்ததும் கடைசிப் பதிவைச் சேமிப்பதும் கடிகாரத்தை ஓடவைப்பதும்தான். வண்டி ஓடும்போது கேமரா அணைகிறது என்றால் கரண்ட் வரும் வழியைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

என் சந்தேகம் அந்த போர்ட் மேல்தான். பாட்டு கேட்கப் பென்டிரைவ் சொருகுவதற்கென்று வைத்த போர்ட்டுகள் பலவற்றில் 0.5 ஆம்பியர்தான் வரும். கேமராவுக்குப் பெரும்பாலும் 5 வோல்ட்டில் 1.5 முதல் 2 ஆம்பியர் வரை தேவை. இத்தனை நாள் உள் பேட்டரி அந்தக் குறையைத் தாங்கியிருக்கலாம். பெட்டியோடு வந்த சார்ஜரை எடுத்து 12 வோல்ட் சாக்கெட்டில் (சிகரெட் லைட்டர் துளை) சொருகிப் பாருங்கள்.

அப்படியும் அணைந்தால் கேமராவைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுவந்து, 2 ஆம்பியர் போன் சார்ஜரில், நீளம் குறைந்த வேறு கேபிளில் ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள். அங்கே ஒழுங்காக ஓடினால் கேமரா நல்ல கேமரா; கோளாறு காரின் சாக்கெட்டிலோ, சார்ஜரிலோ, வயரிலோ இருக்கிறது. வீட்டிலும் அணைந்து எரிந்தால் மெமரி கார்டை எடுத்துவிட்டுப் பாருங்கள். கெட்டுப்போன கார்டும் இதே வேலையைக் காட்டும்.

வயரை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. எங்கள் காரில், முன் கண்ணாடி ஓரத் தூணின் பிளாஸ்டிக் மூடிக்குள் திணித்த வயர் மடங்கி நசுங்கியிருந்தது. விரல் நுனியால் லேசாக அசைத்தாலே கேமராவின் சிவப்பு விளக்கு அணைந்தது. வயரை மாற்றினேன், சரியாகிவிட்டது. உங்கள் வண்டியில் அந்தத் தூணுக்குள் ஏர்பேக் இருந்தால் வயர் அதன் குறுக்கே போகக் கூடாது. மெக்கானிக்கிடம் இதைச் சொல்லிச் செய்யச் சொல்லுங்கள்.

ஃபியூஸ் பெட்டியிலிருந்து நேராகக் கரண்ட் எடுக்கலாம் என்று யாராவது சொன்னால், 12 வோல்ட்டை 5 ஆகக் குறைக்கும் ஹார்ட்வயர் கிட் கட்டாயம். அது இல்லாமல் நேராக இணைத்தால் கேமரா கருகிவிடும். கார் பேட்டரி இறங்கும்போது தானாகத் துண்டிக்கும் வசதியும் அந்தக் கிட்டில் இருக்கட்டும். இல்லையென்றால் ராத்திரி முழுக்கக் கேமரா ஓடி, காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் போகலாம்.

அப்புறம் அந்தக் கடைக்காரர். பில்லை எடுத்துப் பாருங்கள். வாரண்டி ஒரு வருஷம் என்று இருந்தால், எட்டாவது மாதத்தில் புதுசு வாங்கச் சொல்வது நியாயமே இல்லை. சர்வீஸ் சென்டருக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். அவர்கள் தட்டிக்கழித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். வாரண்டி தாண்டி, வேறு வழியில்லாமல் வாங்கும் நாள் வந்தால், லித்தியம் பேட்டரிக்குப் பதில் சூப்பர் கெபாசிட்டர் (கரண்டைக் கொஞ்ச நேரம் சேமித்துவைக்கும் பாகம்) வைத்த மாடலாகக் கேளுங்கள். வெயிலில் நிறுத்தும் வண்டிக்கு அதுதான் தாங்கும்.