அடுக்குமாடி புளோக் எதிரே வந்த வெள்ளைக் கிளி

மரத்தில் உட்கார்ந்து கத்தும் வெள்ளைக் கிளி வீட்டிலிருந்து தப்பியதா, பிடிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். பிடிக்க வேண்டாம். கண்ணுக்கும் அலகுக்கும் நடுவில் இளஞ்சிவப்பு, கொண்டையில் மஞ்சளே இல்லை என்கிறீர்கள். அப்படியென்றால் அது தனிம்பார் கொரெல்லா என்ற கொக்கட்டூ வகைக் கிளிதான். பூர்வீகம் இந்தோனேசியாவின் தனிம்பார் தீவுக் காடுகள். கூண்டுப் பறவையாக வந்து தப்பியவை பெருகி, சிங்கப்பூரில் பல காலமாகச் சுதந்திரமாக வாழ்கின்றன. குட்டைக் கொண்டை தலையோடு படிந்திருக்கும், மிரண்டால்தான் விரியும். பறக்கும்போது இறக்கையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள், வெளிர் மஞ்சள் தெரியும். அவ்வளவு அழகு! நீண்ட மஞ்சள் கொண்டை இருந்தால் வேறு இனம். அது உலக அளவில் அழிவின் விளிம்பில் இருக்கும் இனமாகவும் இருக்கலாம். காலில் வளையம் இருந்தாலோ, பறக்க முடியாமல் தவித்தாலோ தேசியப் பூங்காக் கழகமான என்பார்க்ஸிடம் (NParks) சொல்லுங்கள். அப்புறம், சன்னலில் பழம் வைக்காதீர்கள். 2020 முதல் காட்டுயிர்களுக்கு உணவு கொடுப்பது சட்டப்படி குற்றம்.